ஒன்பது விசாரிப்புகள்

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிலில் ராஜகோபுரம் வழியாக உள்ளே போய், கம்பத்திளையனார் சன்னதியையும் ஆயிரங்கால் மண்டபத்தையும் தாண்டினால் வல்லாள கோபுரம். போசள மன்னன் மூன்றாம் வீரவல்லாளன் பெயரில் நிற்கும் 14-ஆம் நூற்றாண்டுக் கோபுரம். அதை ஒட்டி ஒரு சின்ன முருகன் சன்னதி இருக்கிறது. கோபுரத்தடியில் இருப்பதால் அவருக்குக் கோபுரத்திளையனார் என்று பெயர். அண்ணாமலையாரைப் பார்க்கும் அவசரத்தில் போகிறவர்கள் நின்ற வாக்கில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். தமிழில் அதிகம் சொல்லப்பட்ட உயிர் காத்த கதை நடந்ததாக நம்பப்படும் இடம் அதுதான்.

கதை தெரிந்ததுதான். அருணகிரி என்ற இளைஞன் இருந்த சொத்தையெல்லாம் தொலைத்து, உடம்பில் நோயும் சேர்ந்து, கடைசியில் தமக்கையிடம் பணம் கேட்டு நிற்கிறான். அவள் சொன்ன ஒரு சொல் தைத்துவிடுகிறது. இனி இருந்து என்ன என்று இந்தக் கோபுரத்துக்கு வருகிறான். முருகன் கையில் தாங்கிக்கொள்கிறான். பாடு என்கிறான். எனக்கு என்ன தெரியும் என்று விழிப்பவனுக்கு முதல் அடியைத் தானே எடுத்துக் கொடுக்கிறான். திருப்புகழ் பிறக்கிறது. 1964-இல் வந்த படத்தில் டி.எம்.சௌந்தரராஜனே அருணகிரிநாதராக நடித்துப் பாடிவிட்டதால், நம்மில் பலருக்கு அருணகிரிநாதர் என்றால் டி.எம்.எஸ். முகம்தான்.

இது பக்தி மரபில் வந்த கதை. அருணகிரிநாதரின் வாழ்க்கைக்கு உறுதியான ஆவணம் என்று தேடினால் மிகக் கொஞ்சமே அகப்படும்; அவரை 15-ஆம் நூற்றாண்டில் வைப்பதே பிரபுடதேவராயனை அவர் பாட்டில் குறிப்பிடுவதால்தான். ஆனாலும் ஒரு அறிவியல் அத்தியாயத்தை இங்கே தொடங்கக் காரணம் உண்டு. இந்தக் கதையில் சாவைப் பற்றிய வர்ணனை இல்லை. சாவின் பக்கம் போய்த் திரும்பியவன் பிறகு என்ன ஆனான் என்பதில்தான் கதையின் முழுக் கவனமும்.

அந்த வித்தியாசம் சாதாரணமானது அல்ல. ஒரு தற்கொலையைப் பத்திரிகைகள் பரபரப்பாகப் போட்டால், அதைத் தொடர்ந்து தற்கொலைகள் கூடுகின்றன என்று அமெரிக்க சமூகவியலாளர் டேவிட் பிலிப்ஸ் 1974-இல் காட்டினார். மறுபக்கம் என்று ஒன்று உண்டா என்று வியன்னாவில் தாமஸ் நீடர்குரோட்டன்தாலரும் குழுவினரும் பார்த்தார்கள். ஆஸ்திரியப் பத்திரிகைகளில் 2005-இன் முதல் ஆறு மாதங்களில் வந்த 497 செய்திகளை எடுத்து அலசியதில், அந்த எண்ணத்தை எதிர்கொண்டு மீண்டவர்களைப் பற்றிய செய்திகள் வந்த பிறகு தற்கொலைகள் குறைந்திருந்தது தெரிந்தது. 2010-இல் வெளியான அந்த ஆய்வு இதற்கு பாபகேனோ விளைவு என்று பெயர் வைத்தது. பாபகேனோ, மொசார்ட்டின் 1791-ஆம் ஆண்டு இசைநாடகத்தில் வரும் பறவை பிடிக்கிறவன். காதலி கிடைக்கவில்லை என்று உயிரை விடப் போகிறான். மூன்று சிறுவர்கள் ஓடிவந்து, உன்னிடம்தான் மணிகள் இருக்கின்றனவே, ஆட்டிப் பாரேன் என்கிறார்கள். வியன்னாக்காரர்கள் ஒருமுறை திருவண்ணாமலைக்கு வந்திருந்தால் அருணகிரி விளைவு என்றே வைத்திருப்பார்கள். அங்கே மணி, இங்கே பாட்டின் முதல் அடி. இரண்டு இடத்திலும் உபதேசம் இல்லை. அடுத்துச் செய்ய ஒரு சின்னக் காரியம் கைக்கு வருகிறது.

கதையில் எனக்கு இடிக்கிற இடங்களும் இரண்டு உண்டு. முதலாவது, அந்தத் தமக்கை. அவள் சொன்ன ஒரு வார்த்தைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்பதுபோல் கதாகாலட்சேபங்களில் சொல்கிறார்கள். நம் தெருக்களிலும் இதே வழக்கம்தான். அப்பா அடித்தார், அதனால். டீச்சர் திட்டினார், அதனால் என்று ஒரு வரியில் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். ஆய்வுகள் எதுவும் ஒற்றைக் காரணத்தைக் காட்டுவதில்லை. மனச்சோர்வு நோய், குடி, கடன், தீராத வலி, அவமானம், தனிமை என்று பலவும் பல நாள் சேர்ந்து ஒரு இடத்துக்குக் கொண்டுவருகின்றன. அருணகிரி கதையிலேயே நோயும் வறுமையும் முன்னமே இருக்கின்றன. கடைசியாகப் பேசியவள் அக்கா, அவ்வளவுதான்.

இரண்டாவது இதைவிட முக்கியம். கதையில் காப்பாற்றுவது ஒரே கணத்தில் முடிந்துவிடுகிறது. ஒரு கை நீண்டது, தாங்கியது, சுபம். இதைக் கேட்டு வளர்ந்த நாமும், தற்கொலை எண்ணத்தில் இருப்பவருக்கு உதவுவது என்றால் கடைசி நிமிடத்தில் ஓடிப்போய்ப் பிடிப்பது என்று நினைத்துக்கொள்கிறோம். நிஜத்தில் அந்த வேலை அதற்குப் பல வாரம் முன்பே தொடங்கி, பல மாதம் கழித்தும் முடியாமல் நீள்வது. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022-இல் இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். அதில் தமிழ்நாடு 19,834. மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்கு. கடைசிக் கணத்தை மட்டும் நம்பிக்கொண்டிருக்கக் கூடாத எண்ணிக்கை இது.

அந்த மனநிலைக்குள் என்ன நடக்கிறது என்பதிலிருந்து வருவோம்.

அமெரிக்க உளவியலாளர் எட்வின் ஷ்னைட்மன் வாழ்நாள் முழுக்க இதையே படித்தவர். 1958-இல் லாஸ் ஏஞ்சலிஸில் தற்கொலைத் தடுப்பு மையம் தொடங்கியவர்களில் ஒருவர். அவர் திரும்பத் திரும்பச் சொன்னவை இரண்டு. ஒன்று, இந்த எண்ணத்தில் இருப்பவருக்குச் சாகவும் வேண்டும், யாராவது தடுக்கவும் வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. அவர் வேண்டுவது வலி நிற்பதைத்தான். இரண்டு, மனம் குறுகிவிடுகிறது. இருட்டில் டார்ச் அடித்துக்கொண்டு மலை ஏறுகிறவனுக்கு வெளிச்சம் விழும் இரண்டடிதான் உலகம். பக்கத்தில் ஒற்றையடிப் பாதை பிரிந்து போவது தெரியாது. வழியே இல்லை என்று அவர் சொல்லும்போது பொய் சொல்லவில்லை, வீம்பு பிடிக்கவும் இல்லை. அவருக்கு அப்படித்தான் தெரிகிறது.

இந்தக் குறுகலை 1986-இல் இங்கிலாந்தில் மார்க் வில்லியம்ஸ், கீத் பிராட்பென்ட் இருவரும் ஒரு எளிய சோதனையில் பிடித்தார்கள். உயிரை விட முயன்று பிழைத்தவர்களிடம் ஒரு சொல்லைக் கொடுத்து, அதை ஒட்டிய ஒரு நிகழ்ச்சியை நினைவிலிருந்து சொல்லச் சொன்னார்கள். சந்தோஷம் என்றால் மற்றவர்கள் குறிப்பிட்ட ஒரு நாளைச் சொல்வார்கள்: போன தீபாவளிக்கு முதல்நாள் அண்ணன் வந்து இறங்கியது என்பதுபோல. பிழைத்தவர்களுக்கோ, நண்பர்களோடு இருக்கும்போது என்று மொத்தையாகத்தான் வந்தது. குறிப்பிட்ட நாள், குறிப்பிட்ட முகம் எளிதில் அகப்படவில்லை. பழைய சிக்கல் ஒன்றிலிருந்து எப்படி வெளியே வந்தோம் என்ற விவரம் நினைவுக்கு வந்தால்தானே புதிய சிக்கலுக்கு அதைப் பயன்படுத்த முடியும்? அந்தக் கதவு இறுகிப்போயிருக்கிறது.

நம் வீட்டு ஆறுதல்கள் ஏன் எடுபடுவதில்லை என்பதற்கு இதில் பாதி விடை இருக்கிறது. உனக்கு என்னடா குறை, எவ்வளவு நல்லா இருந்தே என்று நாம் சொல்வது அவருக்கு எட்டாத அலமாரியிலிருந்து பொருளை எடுக்கச் சொல்வது. அம்மாவ நெனச்சுப் பாரு என்பது இன்னும் மோசம். தான் எல்லோருக்கும் பாரம் என்று ஏற்கெனவே நம்பிக்கொண்டிருப்பவருக்கு, அம்மாவின் முகம் அந்தப் பாரத்தில் ஒரு படி கூட்டும். கோயில் ஊரில் இன்னொன்றும் உண்டு: கர்மா, விதி, போன ஜென்மம். நம்பிக்கை உள்ளவருக்குச் சாமி பெரிய துணைதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் துடித்துக்கொண்டிருப்பவரிடம் இதெல்லாம் நீ செய்த வினை என்று சொல்வதற்கு எந்தச் சாமியும் அதிகாரம் கொடுத்திருப்பதாகத் தெரியவில்லை.

நல்ல செய்தியும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. குறுகல் நிரந்தரம் இல்லை. அதன் உச்சம் பெரும்பாலும் மணிக்கணக்கு, சில நேரம் நிமிடக் கணக்கு. சான்பிரான்சிஸ்கோவில் கோல்டன் கேட் பாலத்திலிருந்து 1937-க்கும் 1971-க்கும் இடையில் தடுத்துத் திருப்பி அனுப்பப்பட்ட 515 பேர் பிறகு என்ன ஆனார்கள் என்று ரிச்சர்ட் சைடன் 1978-இல் கணக்கெடுத்தார். பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டோர் உயிரோடு இருந்தார்கள், அல்லது இயற்கையாக இறந்திருந்தார்கள். சாக முடிவெடுத்தவனை இன்று தடுத்தால் நாளைக்குச் செய்துகொள்வான் என்பது ஊர்ப்பேச்சு. கணக்கு அப்படிச் சொல்லவில்லை.

அப்படியானால் கேட்பது எப்படி? முதல் பயம், கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிட்டதாக ஆகிவிடுமோ என்பது. படித்தவர்களுக்கும் இந்தப் பயம் உண்டு. நியூயார்க் மாநிலத்தில் ஆறு பள்ளிகளில் 2,342 மாணவர்களை வைத்து மேடலின் கூல்ட் குழு இதைச் சோதித்தது. பாதிப் பேரிடம் தற்கொலை எண்ணம் பற்றி நேராகக் கேட்டார்கள், மீதிப் பேரிடம் கேட்கவில்லை. 2005-இல் வந்த முடிவு: கேட்கப்பட்டவர்களுக்குத் தவிப்பும் கூடவில்லை, எண்ணமும் கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்தவர்களுக்கும் முன்பு முயன்றவர்களுக்கும் கேட்டதில் கொஞ்சம் ஆசுவாசமே கிடைத்திருந்தது. 2014-இல் இப்படிப்பட்ட ஆய்வுகளை மொத்தமாகத் தொகுத்துப் பார்த்தவர்களும் கேட்பதால் எண்ணம் கூடுவதாக எங்கும் காணவில்லை.

அதனால் கேட்கலாம். சுற்றிவளைக்காமல் கேட்க வேண்டும். ஏதாவது தப்பா யோசிக்கிறியா என்று கேட்டால், அந்தக் கேள்விக்குள்ளேயே இல்லை என்று சொல் என்ற கட்டளை ஒளிந்திருக்கிறது.

திருவண்ணாமலைக்காரர்களுக்குக் கேட்பதற்குத் தோதான ஒரு வழி பிறப்பிலேயே அமைந்திருக்கிறது: கிரிவலம். 14 கிலோமீட்டர். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நடக்கிறார்கள், முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, எழுந்து போக வேண்டியதுமில்லை. சொல்ல முடியாத விஷயம் எதிரெதிரே உட்கார்ந்தால் தொண்டைக்குள் நின்றுவிடும், நடந்தால் வரும். ஒரு காட்சியைக் கற்பனையாக வைத்துக்கொள்வோம். மாடவீதியில் பூக்கடை வைத்திருக்கும் ஒரு அக்கா. சித்தி மகன், இருபத்து நாலு வயது, ஆன்லைன் ரம்மியில் கடன். வாயு லிங்கம் தாண்டிக் குபேர லிங்கம் நோக்கி நடக்கிறார்கள்.

"இன்னாடா, ரெண்டு மாசமா முகமே சரியில்ல?"

"ஒன்னுமில்லக்கா."

"ஒன்னுமில்லாதவன் எதுக்குடா ஆசையா வாங்குன வண்டியத் தூக்கி ஃப்ரெண்டுக்குக் குடுத்த?"

கொஞ்ச தூரம் பேச்சில்லை. அக்காவும் பேசவில்லை.

"யாருக்கும் பாரமா இருக்க வேணாம்னுதான்."

"பாரம்னா? செத்துப்போயிடலாம்னு தோணுதாடா?"

"தோணுதுக்கா. ராத்திரியிலதான் ரொம்ப."

"சரி. எங்கிட்ட சொன்னியே, நல்லது பண்ண. எப்போலருந்து இப்படி இருக்குது?"

இந்த அக்கா எதையும் படித்தவள் இல்லை. ஆனால் அவள் செய்த ஒவ்வொன்றும் பயிற்சிப் புத்தகங்களில் இருப்பது. ஆசைப்பட்ட பொருளைக் கொடுத்துவிட்டதைக் கவனித்தாள்; பொதுவாகக் கேட்காமல் அதை வைத்துக் கேட்டாள். அவன் வாயை மூடிய இடத்தில் அவளும் மூடிக்கொண்டாள். சாவு என்ற சொல்லை அவள்தான் முதலில் எடுத்தாள், அதனால் அவனுக்கு அதைச் சொல்லும் கஷ்டம் தீர்ந்தது. பதிலைக் கேட்டுப் பதறவில்லை. பைத்தியமாடா உனக்கு என்று கத்தியிருந்தால், அடுத்த வாரத்திலிருந்து அவன் நன்றாக இருப்பதாக நடிக்கத் தொடங்கியிருப்பான். ரம்மிக் கடனுக்கு அவள் அந்த இடத்தில் தீர்வும் சொல்லவில்லை. கடனைப் பேச வேண்டிய நாள் வரும். இன்றைக்கு அது இல்லை.

அடுத்துக் கேட்க வேண்டியது இதைவிடக் கடினம். எப்படி, எப்போது என்று யோசித்து வைத்திருக்கிறானா? கையெட்டும் தூரத்தில் ஏதாவது இருக்கிறதா? எண்ணம் வேறு, திட்டம் வேறு. திட்டம் இருந்தால் அவனை அன்று தனியே விடக் கூடாது. "இன்னிக்கு எங்க வீட்லயே படுத்துக்க, காலைல ஜி.எச். போலாம், நானும் வர்றேன்" என்பதுதான் அங்கே சரியான வாக்கியம். யார்கிட்டயும் சொல்லாதேக்கா என்று அவன் கெஞ்சுவான். ஊருக்கெல்லாம் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கலாம். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யக் கூடாது. உயிர் விஷயத்தில் அந்த ரகசியத்தைக் காப்பாற்ற முடியாது என்று அவனிடமே சொல்லிவிடுவது நேர்மை.

கையெட்டும் தூரம் என்றேனே, அதை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். உச்சத் தவிப்பு சீக்கிரம் வடிகிறது என்றால், அந்த நேரத்தில் ஆபத்தான பொருள் பக்கத்தில் இல்லாமல் இருப்பதே பாதிக் காவல். செங்கம், போளூர், தண்டராம்பட்டு பக்கத்துக் கிராம வீடுகளில் வயலுக்கு அடிக்கும் மருந்து எங்கே இருக்கிறது என்று பார்த்தால் இது புரியும்: பரண், மாட்டுக்கொட்டகை, சில நேரம் கட்டிலுக்கடியிலேயே. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில் சென்னையின் தற்கொலைத் தடுப்பு அமைப்பான ஸ்நேகா ஒரு காரியம் செய்து பார்த்தது. ஊர்ப் பொதுவில் ஒரு கட்டடம். உள்ளே வங்கி லாக்கர்போலப் பெட்டிகள். ஒவ்வொரு விவசாயியும் தன் மருந்தை அங்கே வைத்துப் பூட்டிக்கொள்ளலாம், வேண்டும்போது போய் எடுத்துக்கொள்ளலாம். யாருடைய மனதையும் மாற்ற முயலவில்லை. வீட்டுக்கும் மருந்துக்கும் நடுவே பத்து நிமிட நடையை வைத்தார்கள், அவ்வளவே. பெட்டி வைத்த ஊர்களில் மருந்தால் நேர்ந்த சாவும் முயற்சிகளும் குறைந்ததை 2013-இல் வெளியிட்டார்கள். இதையே ஒரு நாடு முழுக்கச் செய்தது இலங்கை. கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்துகொண்டே வந்தது. 1995-இல் லட்சம் பேருக்கு 57 ஆக இருந்த தற்கொலை விகிதம் 2015-இல் 17-க்கு வந்தது. போரும் வறுமையும் அப்படியே இருந்த ஆண்டுகளும் அதில் அடக்கம்.

வீட்டில் செய்யக்கூடியது எளிது. வயல் மருந்தைப் பங்காளி வீட்டில் கொடுத்து வைப்பது. மாத்திரைகளை அக்காவே வாங்கித் தன் பெட்டியில் வைத்து அன்றன்றைக்குக் கொடுப்பது. நம்ப மாட்டேன் என்கிறாயா என்று அவன் முகம் வாடலாம். கொஞ்ச நாளைக்குத்தான்டா, எனக்குத் தூக்கம் வரணுமில்ல என்றால் புரிந்துகொள்வான்.

இனி தலைப்பில் உள்ள ஒன்பதுக்கு வருகிறேன். இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு ஆய்வைத்தான் நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்றால் இதைச் சொல்வேன். அதன் ஒரு கால் நம் சென்னையில் ஊன்றியிருக்கிறது.

ஸ்நேகாவை 1986-இல் தொடங்கியவர் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார். முன்மாதிரி லண்டனில் 1953-இல் சாட் வரா என்ற பாதிரியார் தொடங்கிய சமாரிட்டன்ஸ். அங்கே ஒரு வேடிக்கை நடந்தது. வந்தவர்களுக்குப் பாதிரியார் ஆலோசனை சொல்லும்வரை காத்திருக்கும் அறையில் சில தன்னார்வலர்கள் டீ கொடுத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு பேசிய பலருக்கு அப்புறம் பாதிரியாரைப் பார்க்கும் தேவையே இருக்கவில்லை. சில மாதத்தில் சாட் வரா, கேட்கும் வேலையை அவர்களிடமே விட்டுவிட்டார். ஸ்நேகாவிலும் தொலைபேசி எடுப்பவர்கள் பயிற்சி பெற்ற தன்னார்வலர்களே.

உலக சுகாதார நிறுவனம் ஐந்து ஊர்களைத் தேர்ந்தெடுத்தது: பிரேசிலில் கம்பினாஸ், இந்தியாவில் சென்னை, இலங்கையில் கொழும்பு, ஈரானில் கரஜ், சீனாவில் யுன்செங். உயிரை விட முயன்று மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு வந்து பிழைத்த 1,867 பேர் ஆய்வுக்குள் வந்தார்கள். ஒரு பிரிவினருக்கு அந்த மருத்துவமனையின் வழக்கமான சிகிச்சை. இன்னொரு பிரிவினருக்கு அதோடு கூட, கிளம்பும் முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேச்சு: இது என்ன, ஏன் வருகிறது, திரும்ப வந்தால் எங்கே போக வேண்டும். பிறகு ஒன்பது தடவை விசாரிப்பு. ஒன்றாம் வாரம், இரண்டாம் வாரம், நான்கு, ஏழு, பதினொன்று. அப்புறம் நாலாம் மாதம், ஆறாம் மாதம், ஒரு வருஷம், ஒன்றரை வருஷம். போன் இருந்தால் போன், இல்லாவிட்டால் வீட்டுக்கே போய். எப்படி இருக்கிறீர்கள், ஏதாவது உதவி வேண்டுமா.

அவ்வளவுதான். புது மருந்து கிடையாது, பெரிய கருவி கிடையாது. ஒன்றரை வருஷம் கழித்துக் கணக்குப் பார்த்தபோது வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் தற்கொலையால் இறந்தவர்கள் 2.2 சதவீதம், விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம். 2008-இல் இது வெளியானபோது எண்களைப் பார்த்து மலைத்தவர்கள் உண்டு. பின்னால் வேறு இடங்களில் நடந்த எல்லா ஆய்விலும் இவ்வளவு பெரிய வித்தியாசம் வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மருத்துவ வசதி குறைவான, வேறு யாரும் எட்டிப் பார்க்காத இடங்களில்தான் இதன் பலன் பெரிதாகத் தெரிந்தது. நம் கிராமங்கள் அந்தப் பட்டியலில்தான் வருகின்றன.

இந்த யோசனைக்கு ஒரு முன்னோடியும் உண்டு. சான்பிரான்சிஸ்கோ மனநல மருத்துவர் ஜெரோம் மோட்டோ, மருத்துவமனையிலிருந்து போன பிறகு சிகிச்சையே வேண்டாம் என்றவர்களை எடுத்துக்கொண்டார், 843 பேர். பாதிப் பேருக்கு ஐந்து வருஷம் அவ்வப்போது ஒரு சின்னக் கடிதம் போகும். நீங்கள் வந்து போய்க் கொஞ்ச நாளாயிற்று, நலம்தானே, எழுதத் தோன்றினால் எழுதுங்கள் என்ற மாதிரி இரண்டு மூன்று வரி. சிகிச்சைக்கு வா என்று ஒரு வார்த்தை இல்லை. கடிதம் போனவர்களில் தற்கொலை குறைந்திருந்தது, முதல் இரண்டு வருஷத்தில் மிகத் தெளிவாகவே. பதிலாக எதையும் கேட்காத விசாரிப்பு வேலை செய்கிறது என்பதுதான் மோட்டோ கண்டது.

ஆபத்து அதிகமான காலமும் அதுதான்: மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முதல் சில வாரங்கள், மாதங்கள். நாம் செய்வதோ நேர்மாறு. ஐ.சி.யூ. வாசலில் இருபது பேர் நிற்கிறோம். டிஸ்சார்ஜ் ஆனதும், அதைப் பற்றிப் பேசினால் மனசு கஷ்டப்படும் என்று ஒருவரும் பேசுவதில்லை. அவருக்குக் கேட்பது அந்த மௌனம்தான்.

மருத்துவமனையைப் பற்றி ஒரு பயம் இன்னும் மிச்சமிருக்கிறது: போலீஸ் கேஸ் ஆகிவிடும். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கியிருந்த பழைய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவின் நிழல் அது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, உயிரை விட முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. 2018 மே மாதம் அது நடைமுறைக்கு வந்தது. 2024 ஜூலையில் வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் அந்த 309-ஆம் பிரிவு இடம்பெறவில்லை. ஆகவே வயிற்றுவலி என்று பொய் சொல்லி அட்மிட் செய்ய வேண்டியதில்லை. அந்தப் பொய்யால் மனநல மருத்துவர் அவரைப் பார்க்காமலே போகும் நஷ்டம்தான் மிச்சம். திருவண்ணாமலையிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. உடனடி ஆபத்து என்றால் 108. பேச ஆள் வேண்டும் என்றால் 14416, இரவு பகல் எந்நேரமும், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்; மாநில அரசின் 104; ஸ்நேகா 044-24640050. இந்த எண்களை அவனிடம் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடாமல், பக்கத்தில் உட்கார்ந்து முதல் அழைப்பைச் சேர்ந்தே போடுவது நல்லது. தவிக்கும் மனதுக்கு எண்ணைத் தட்டுவதே மலை.

அவனோடு சேர்ந்து ஒரு தாளில் நாலைந்து வரி எழுதி வைப்பதும் உதவும். பார்பரா ஸ்டான்லி, கிரெகரி பிரவுன் இருவரும் உருவாக்கிய முறை இது. எந்த நேரத்தில் எண்ணம் ஏறுகிறது, அப்போது தனியாகச் செய்யக்கூடியது என்ன, யாரைப் போய்ப் பார்க்கலாம், யாருக்குப் போன் போடலாம், எந்த மருத்துவர். இந்தத் தாளையும் தொடர்ந்த போன் விசாரிப்பையும் சேர்த்து அமெரிக்க முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளில் செய்து பார்த்ததில், அடுத்த ஆறு மாதத்தில் தற்கொலை சார்ந்த செயல்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததாக 2018-இல் வெளியிட்டார்கள். தாளில் உள்ளது அவனுடைய சொல்லாக இருக்க வேண்டும். தியானம் செய்க என்று நாம் எழுதித் தந்தால் மடித்து வைத்துவிடுவான். ராத்திரி பதினோரு மணிக்குப் பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்குப் போய் முருகேசனோட உக்காருவேன் என்று அவனே எழுதினால், அது வேலைக்காகும்.

எல்லாம் சரியாகச் செய்தும் ஒருவரை இழந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஆய்வுகள் சொல்வது குறைகிறது என்றுதான். பூஜ்யம் ஆகிறது என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை. இன்னும் ஒரு போன் போட்டிருந்தால் என்று அவர்கள் தங்களைத் தாங்களே குடைந்துகொள்ளும்போது, அருணகிரியின் அக்காவுக்குச் சொன்னதை அவர்களுக்கும் சொல்ல வேண்டும். அவர்களையும் யாராவது விசாரிக்க வேண்டும்.

துணை நிற்கிறவர் தனியாளாக நிற்கக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். பூக்கடை அக்காவுக்கு விடியற்காலை மூன்று மணிக்குப் பூச்சந்தைக்குப் போக வேண்டும், பிள்ளைகள் இருக்கிறார்கள், பயமும் இருக்கிறது. தன்னார்வலர்கள் முறைபோட்டு உட்கார்வதுபோல வீட்டிலும் முறை போட்டுக்கொள்ளலாம். ஒன்பது தேதிகளைக் காலண்டரில் குறிக்கலாம்: முதல் வாரம் அக்கா, இரண்டாம் வாரம் மாமா, நாலாம் வாரம் வண்டியை வாங்கிக்கொண்ட அந்த நண்பன், ஏழாம் வாரம் திரும்ப அக்கா. யார் முறை என்று அவனிடமும் சொல்லிவிடலாம், ஒளிக்க ஒன்றுமில்லை. ஒன்றரை வருஷம் கழித்து வரும் ஒன்பதாவது தேதி இந்த வருஷக் காலண்டரில் இருக்காது. அதை மாமா தன் போனில் இப்போதே போட்டு வைத்துவிடுவது நல்லது.